சுவருக்குள் ஒரு கம்பெனி

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஐம்பதாவது ஆளை முதலாளி சேர்க்கவே மாட்டார். ஐம்பது பேர் ஆகிவிட்டால் எல்லாருடைய குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும், அரசு அனுமதி இல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது சட்டம். மனிதர் தன் ஐம்பதாவது பிறந்தநாளைக்கூடக் கொண்டாடாமல் தாண்டினார்.

ஆர்டர் குவிந்தது. புது இயந்திரம் வாங்குவார் என்று நினைத்தோம். சுவர் கட்டினார். கூடத்தின் இந்தப் பக்கம் அவர் கம்பெனி, அந்தப் பக்கம் அவர் மனைவியின் கம்பெனி. இரண்டிலும் நாற்பத்தொன்பது பேர். பெட்டி மடிக்கும் பழைய இயந்திரத்தை மட்டும் நகர்த்த முடியவில்லை. அதற்காகச் சுவரில் ஒரு ஓட்டை விட்டார்கள். இங்கே அட்டையாகப் போவது அங்கே பெட்டியாக வரும்.

நடுவில் சிக்கும் அட்டையை எடுப்பது என் வேலை. ஓட்டைக்குள் படுத்துக்கொண்டுதான் எடுக்க முடியும். தலை அம்மா கம்பெனியில், கால் ஐயா கம்பெனியில். என்னை இரண்டு பேரும் கணக்கில் சேர்க்கவில்லை.

வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாராவது ஒருவர் என்னைச் சேர்த்தால் போதும், செலவு கம்பெனி தலையில்.

தொழிலாளர் துறை அதிகாரி வந்த அன்று நான் ஓட்டைக்குள் கிடந்தேன்.

"இவர் யாரோட ஆளு?"

"தலை அந்தப் பக்கம் இருக்கு சார்," என்றார் முதலாளி. "ஆளுன்னா தலைதானே?"

ஓட்டை வழியாக முதலாளியம்மாவின் குரல் வந்தது. "தலையா நடந்து வேலைக்கு வருது? கால் உங்க பக்கம்தாங்க இருக்கு."

அதிகாரி டேப்பை எடுத்தார். "அசையாதீங்க. மூச்சைப் பிடிச்சுக்கங்க."

ஃபோர்மேன் என் கால்மாட்டில் குனிந்தார். "மாப்ள, ஏதாவது ஒரு பக்கமா நகருடா. எங்க எல்லார் பொழப்பும் உன் இடுப்புலதான் இருக்கு."

நகர்ந்தேன். சட்டை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. தொப்புள் சுவருக்கு நட்டநடுவில் நின்றது.

"இவர் ரெண்டு கம்பெனியிலயும் இல்ல, சுவர்ல இருக்காரு," என்றார் அதிகாரி. "சுவர் யாரோடது?"



மறுநாள் காலை சுவர் என் பெயருக்கு மாறியிருந்தது. ஓட்டைக்குள் நடப்பது என் கம்பெனி, அதில் வேலை செய்யும் ஒரே ஆள் நான். முதலாளி எழுந்து நாற்காலி போட்டார். "வாங்க முதலாளி." பேப்பரை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் அன்றே வெளியே.

"பொண்டாட்டிய இனிமே முதலாளியம்மான்னு கூப்பிடணுமா?" என்றார் ஃபோர்மேன்.

அந்த வாரமே ஆர்டர் படுத்துவிட்டது.

"உங்க கம்பெனிக்கு இனி வேலை தர முடியாது. ஆளைக் குறைச்சுக்கங்க முதலாளி," என்றார் ஐயா.

"இருக்கறதே ஒரு ஆள்தான் சார்."

"அப்ப சுலபம். அரசு அனுமதிகூட வேண்டாம்."

வீட்டில் மனைவி பழைய வேட்டியைக் குழந்தைக்குத் துணியாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரிச் செலவு யாரு தர்றாங்களாம்?"

"என் முதலாளிதான் தரணும்."

"தருவாரா?"

"இன்னைக்கு என்னை வேலைய விட்டே தூக்கிட்டான்."

"பாவி. நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டேன். கையில காசு இல்லையாம்."