பதினெட்டு தடவை பேபி

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்போதும்வென்றான் என்ற ஊரில் அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம்.

கோவில்பட்டி பானு இன்னிசைக் குழுவில் பன்னிரண்டு வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தேன். என் பெயர் கடற்கரை; சோகப் பாட்டா, கூப்பிடு கடற்கரையை என்பார்கள். எங்கள் கிடார்காரன் செண்பகராஜ், பம்பாயில் ஏதோ ஓட்டலில் நாலு வருஷம் வாசித்துவிட்டு, தொண்ணூற்றேழில் ஒரு பை நிறையக் கேசட்டோடு திரும்பி வந்தவன். எல்லாக் குழுவும் அதே இருபது சினிமாப் பாட்டைப் பாடுவதால் எவனுக்கும் மரியாதை இல்லை, நாம் இங்கிலீஷ் பாட்டு சேர்க்க வேண்டும் என்று ஆறு மாதம் உயிரை எடுத்தான்.

அவன் போட்டுக் காட்டியது புளூஸ் ராக் என்கிற பழைய பாட்டு வகையாம். கிடார் அழுதது. பாடுகிறவனும் அழுதான்.

"ஏலே, எழவு வீட்டுக்காலே படிக்கச் சொல்லுத?" என்றேன்.

"தாளம் ஆட வைக்கும், பாட்டு அழ வைக்கும் அண்ணாச்சி. இது ஒங்க கொரலுக்குன்னே செஞ்சது."

குரலைப் புகழ்ந்தால் நான் விழுந்துவிடுவேன் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். விழுந்தேன். மூன்று பாட்டைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டேன். அர்த்தம் கேட்டதற்கு, "போனவளத் திரும்பி வான்னு கூப்பிடுதான். மூணும் அதுதான்" என்றான். அதோடு விட்டேன். இத்தனை வருஷம் இந்திப் பாட்டை அர்த்தம் தெரிந்தா பாடினேன்?

எப்போதும்வென்றானில் நந்தகோபால் என்பவர் வீட்டுக் கல்யாணம். ஆடு, மாடு, நிலம் என்று வசதியான குடும்பம். ஒரே மகனுக்குக் காலையில் தாலி கட்டி முடிந்து, சாயங்காலம் கச்சேரி. வெளியூர்க்காரர்கள் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் நாலரைக்கே தொடங்கினோம். தண்ணீர்த் தொட்டி மேல் நாலு குழாய் ஸ்பீக்கரை நாலு திசைக்கும் கட்டியிருந்தார் உள்ளூர் மைக்செட்காரர் ராஜமணி.

ஐந்தாவது பாட்டாக செண்பகராஜ் கண்ணைக் காட்டினான். இங்கிலீஷ். கொம்பையா டிரம்ஸில் தாளத்தை எடுத்துவிட்டான். பொடிப் பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். நான் வியர்த்து நிற்பதைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டான். நோட்டின் பக்கங்கள் படபடவென்று புரண்டு, நோட்டே மேடைக்குக் கீழே போய் விழுந்தது.

எனக்கு ஞாபகத்தில் நின்றது ஒரே வார்த்தை. வரிக்கு வரி வந்த வார்த்தை அதுதான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"பேபீ..."

கெஞ்சினேன். இழுத்தேன். அடித்தொண்டையில் முனகினேன். உச்சிக்குப் போய் விம்மினேன். எல்லாம் பேபிதான். அண்ணாச்சிக்கு இன்று அருள் வந்துவிட்டது என்று நினைத்த செண்பகராஜ், கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பேபிக்கும் கிடாரில் பதில் அழுதான். மொத்தம் பதினெட்டு தடவை என்று கொம்பையா பிற்பாடு சொன்னான்.

எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவர் அப்படியே நின்றார். மணமேடையில் மாப்பிள்ளை எழுந்துவிட்டான். என் குரல்தான் ஊரைக் கட்டிப்போட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ராஜமணி குனிந்தபடி ஓடிவந்து என் பேண்டைப் பிடித்து இழுத்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நிறுத்துங்க அண்ணாச்சி! பேபிங்கது நந்தகோபால் அண்ணாச்சி மூத்த மக."

"என்னது?"

"ஒம்பது வருஷத்துக்கு முன்னால தீப்பெட்டி ஆபீஸ் லாரிக்காரனோட போயிட்டா. அப்பவே தலமுழுகியாச்சு. அந்தப் பேர ஊருக்குள்ள எவனும் சொல்லக் கூடாது. கடையில போயிக்கூட பச்சப்புள்ள சோப்புன்னுதான் கேப்போம்."

கிடார் நின்றது. டிரம்ஸ் நின்றது. நந்தகோபால் மேடை ஏறிக்கொண்டிருந்தார். ஆறடி ஆள், பட்டு வேட்டி, தோளில் துண்டு. அடி விழுந்தால் முதலில் எனக்குத்தான். பயத்தில் மைக்கை அணைக்க மறந்துபோனேன். அவர் பேசியதெல்லாம் தொட்டி மேலிருந்து ஊர் முழுக்கக் கேட்டது.

"சீட்டு எங்கலே?"

"என்ன சீட்டு அண்ணாச்சி?"

"இந்தப் பாட்டப் படிக்கச் சொல்லி அவ குடுத்து விட்ட சீட்டு."

"யாரும் குடுக்கல. இது இங்கிலீஷ் பாட்டு. இங்கிலீஷ்காரன் எழுதுனது."

"இங்கிலீஷ்காரனுக்கு எம்மவ பேரு எப்படித் தெரியும்?"

கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. செண்பகராஜ் கிடாருக்குப் பின்னால் ஒதுங்கியபடி, "போனவளத் திரும்பி வான்னு கூப்பிடுத பாட்டு, அவ்வளவுதான்" என்றான்.

"எவன் கூப்பிடுதான்?" என்று நந்தகோபால் கையை ஓங்கினார்.

காதலன் என்று சொல்ல அந்த முட்டாள் வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன்.

"பெத்த அப்பன்தான் அண்ணாச்சி" என்றேன்.

உயிருக்குப் பயந்து சொன்ன பொய். வேறெதுவும் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் அவருடைய ஓங்கிய கை தானாக இறங்கியது. என்னைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"கூப்பிட்டா வந்துருதாளா?"

பதில் கீழேயிருந்து வந்தது.

"குளத்தூர்லதான் இருக்கா. கார எடுத்தா ஒரு மணி நேரம்."

அவர் மனைவி வள்ளித்தாய். சம்பந்தி வீட்டுப் பெண்கள் நடுவிலிருந்து எழுந்து மேடையோரம் வந்து நின்றார். நந்தகோபால் அடிவாங்கியவரைப் போலத் திரும்பினார்.

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"மாசாமாசம் போயிட்டுத்தான வாரேன்."

"கண்ணாசுபத்திரிக்குல்லா போற நீ?"

"எங்கண்ணுக்கு ஒண்ணும் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் நல்ல கண்ணுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார் அந்த அம்மாள்! பந்தல் முழுக்க வாயைப் பிளந்து நின்றது. மாப்பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒரு பேரன் இருக்கான். ஏழு வயசு" என்றார் வள்ளித்தாய்.

நந்தகோபால் துண்டால் வாயைத் துடைத்தார். "என்ன பேரு வச்சிருக்கா?"

முதல் பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பது அந்தப் பக்கத்தில் வழக்கம். அவர் எதை எதிர்பார்த்துக் கேட்கிறார் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அந்த அம்மாள் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"ஒங்க பேரு இல்ல."

வள்ளித்தாய் மேடைப் படியில் ஏறி எங்கள் அருகே வந்தார்.

"அந்த வீட்டுக்குள்ள ஒங்க பேர யாரும் சொல்லக் கூடாதாம். அவ சட்டம். நான் போனாக்கூட 'அவரு'ன்னுதான் பேசணும். அந்தப் பயலுக்குத் தாத்தா பேரே தெரியாது."

நாலு குழாயும் அதை ஊருக்குச் சொல்லி முடித்தன. அவ்வளவு பெரிய ஆள் மேடையிலிருந்த கிடார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டார். கோபமாகக் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கார எடுக்கச் சொல்லு. நான் போறேன்" என்றார்.

"கதவத் தொறக்க மாட்டா."

"தொறக்காட்டா வாசல்ல நின்னு கூப்பிடுதேன்."

"எப்படிக் கூப்பிடுவிய? எங்க, இப்பக் கூப்பிடுங்க பாப்போம்."

நான் பிடித்திருந்த மைக் அவர் வாய்க்கு அரைச் சாண் தூரத்தில் இருந்தது. பேபி என்று சொல்ல அவர் உதடுகள் சேர்ந்தன. சேர்ந்தவை பிரியவில்லை. தொட்டி மேலிருந்து நாலு திசைக்கும் அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.