மதிலில் அடைத்த துளை

நான்காம் நாள் காலையில் மழை விட்டதும் திரவியம் கொல்லைக் கதவைத் திறந்தார். தோட்டம் குளமாகிக் கிடந்தது. தக்காளியும் கத்தரியும் மிளகாயும் கணுக்கால் தண்ணீரில் நின்றன. மேட்டுப் பக்கம் இருந்த பயற்றுப் பந்தல் மட்டும் கொஞ்சம் தப்பித்திருந்தது.

சாலைக் கடைத்தெருவில் குழாய், இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர் அவர். மூன்று வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, இனி கடையில் பாதி நாள் இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு பிடித்துக்கொண்ட தோட்டம் இது. மனைவி நீலாம்பாளிடம் சொல்லாத பயத்தையெல்லாம் இந்தச் செடிகளிடம்தான் சொல்லித் தீர்த்திருந்தார்.

மண்வெட்டியோடு இறங்கப் போனவரை நீலாம்பாள் தடுத்தாள்.

"சவிட்டாதீங்கோ! நனைஞ்ச மண்ணைக் காலால சவிட்டினா இறுகிப் போயிரும், வேருக்கு மூச்சு முட்டும்னு கிருஷிபவன் விவசாய ஆபீஸ்ல சொன்னாங்கல்லா? முதல்ல தண்ணி வடியணும்."

"எங்க வடியும்?"

அவள் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தாள்.

அதன் அடியில் முன்பு ஒரு துளை இருந்தது. தோட்டத்துத் தண்ணீர் அந்த வழியாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரி சபீனாவின் முற்றத்தில் இறங்கித் தெரு ஓடைக்குப் போய்விடும். போன வருஷ மழையில் ஒருநாள் மதிலுக்கு மேலே சபீனாவின் தலை தெரிந்தது. "அண்ணா, உங்க சேறு முழுக்க என் முற்றத்துலயாக்கும்!" என்று சத்தம் போட்டாள். திரவியத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இனி ஒரு சொட்டு வராது, போ!" என்றவர், அன்றைக்கே சிமெண்ட் குழைத்துத் துளையை அடைத்தார். அதன்பின் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

மத்தியானம் வெயில் அடித்தது. தண்ணீரில் நின்றபடியே தக்காளிச் செடிகள் வாடித் தொங்கின. லேசாக அழுகல் வாடை வந்தது. அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிச் சபீனா வீட்டுக்குப் போனார்.

உள்ளே தையல் மெஷின் ஓசை நின்றது. சபீனா நொண்டியபடி வந்து கதவைத் திறந்தாள்.

"கால் இன்னும் சரியாகலையா? ஸ்கூட்டர்ல விழுந்ததா ஆரோ சொன்னாங்க..."

"ஸ்கூட்டரா?" அவள் வறண்டு சிரித்தாள். "இந்த முற்றத்துல, உங்க சேத்துல வழுக்கி விழுந்ததாக்கும் அண்ணா. வீங்கின காலோடதான் அன்னைக்கு மதிலுக்கிட்ட வந்தேன். நீங்க சொல்ல விட்டாத்தானே? எலும்பு ஒடிஞ்சதே மறுநாள்தான் தெரிஞ்சுது. மூணு மாசம் மெஷினைத் தொட முடியலை."

திரவியம் வந்த காரியத்தை எடுக்கவேயில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"நில்லுங்கோ. தோட்டத்துல தண்ணி நிக்குது, அல்லே? மாடியில நின்னு பாத்தேன். ஓட்டையைத் திறந்துக்கோங்கோ, செடி என்ன தப்புப் பண்ணிச்சு? ஆனா சேறு முற்றத்துல ஓடக்கூடாது. தெருவரைக்கும் குழாய் போடணும். உங்ககிட்ட இல்லாத குழாயா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைச் சுட்டது. கடை நிறையக் குழாயை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரு வருஷமாக வீம்பை அல்லவா காத்து வந்திருக்கிறார்!

சாயங்காலத்துக்குள் குழாய் வந்தது. கடை ஆள் ஷிபு மதிலைக் குடைந்தான். சபீனா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த முனையை இன்னும் தாழ்த்து" என்று தண்ணீர் ஓட வாட்டம் சொல்லிக்கொடுத்தாள். கலங்கல் தண்ணீர் களகளவென்று குழாயில் இறங்கியது.

இரண்டு நாள் யாரும் தோட்டத்தில் கால் வைக்கவில்லை. மூன்றாம் நாள் திரவியம் மேல்மண்ணை மெல்லக் கொத்திவிட்டார். தக்காளி ஒன்றுகூடத் தேறவில்லை, வேரெல்லாம் கறுத்திருந்தது. பிடுங்கிப் போடும்போது அவர் முகத்தைப் பார்த்த நீலாம்பாள், கூடையைத் தானே வாங்கிக்கொண்டாள். கத்தரியில் மூன்று செடி மிஞ்சியது. பத்து நாளில் மிளகாய் துளிர்த்தது, பயறு பூவெடுத்தது.

பயறு பூத்த அன்று சபீனா தோட்டத்தைப் பார்க்க வந்தாள். முந்தின ராத்திரித் தூறலில் மண் சொதசொதவென்று இருந்தது. திரவியம் ஓடிப்போய் ஒரு பலகையை எடுத்துவந்து பாத்தி ஓரமாகப் போட்டார். அது ஆடுகிறதா என்று தானே ஒருமுறை ஏறி நடந்து பார்த்தார்.

"இனி வாம்மா" என்றார்.