ஆளுக்கொரு முனை

கூட்டம் தொடங்குமுன் எல்லோருடைய கைப்பேசியையும் குக்கருக்குள் போட்டு மூடுவது எங்கள் வழக்கம். நர்ஸ் அக்கா வீட்டுக் குக்கர். எத்தனை விசில் வைக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன், யாரும் சிரிக்கவில்லை. ஒட்டுக்கேட்கிறவன் காதில் ஒன்றும் விழாது என்பது செயலாளர் தாடியின் நம்பிக்கை. அவர் வக்கீல் குமாஸ்தா. அவர், அக்கா, பஸ் ஓட்டுநர், வயரிங் வேலை பார்க்கும் நான். இந்த நாலு பேரும்தான் பாசிசத்தை எதிர்க்கக் கிளம்பியிருந்தோம். அதைப் பாசிசம் என்பதா, பாசிசப் போக்கு என்பதா என்று போன மாதம் முழுக்கச் சண்டை. துண்டறிக்கை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

இந்த முறை சண்டைக்கு நேரமில்லை. கடைத்தெருவில் சலூன் வைத்திருப்பவன் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. கடை வாசலில், நாங்கள் எதிர்க்கும் அந்தக் கட்சிக்காரர்களுடைய கொடியைக் கட்ட அவன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் வந்து கவனித்துக்கொள்கிறோம் என்று மிரட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"நாலு பேர் கூட நின்னா கை வைக்க யோசிப்பானுங்க. வருவீங்கள்ல?" என்று கேட்டான். வருவோம் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

ஆனால் முந்தைய இரண்டு போராட்டங்களிலும் நாங்கள் போவதற்கு முன்பே போலீஸ் வந்து நின்று, எங்களை வேனில் அள்ளிக்கொண்டு போயிருந்தது. உள்ளேயிருந்துதான் யாரோ சொல்கிறார்கள் என்றார் தாடி. அதிலிருந்து அக்கா கொடுக்கும் டீயைக்கூட ஓட்டுநர் ஒரு மாதிரியாகப் பார்த்துக் குடித்தார். ஓட்டுநருக்குப் புது பைக் எப்படி வந்தது என்று எனக்கு உறுத்தியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் உறுத்தியது.

சனிக்கிழமை தாடி என்னைத் தனியாக அழைத்தார். கூடும் இடம் மாறிவிட்டது, தண்ணீர்த் தொட்டி முனைக்கு வா, அங்கிருந்து எல்லோரும் சேர்ந்து கடைக்குப் போவோம், யாரிடமும் மூச்சு விடாதே, போனை வீட்டிலேயே வைத்துவிடு என்றார்.

மறுநாள் போனேன். யாரும் வரவில்லை. எதிர்ப் பெட்டிக்கடையில் ஒருவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான், பக்கத்தைத் திருப்பவே இல்லை. போலீஸோ என்று அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவனும் என்னை அப்படித்தான் பார்த்தான். தூரத்தில் கோஷம் எழுந்து, பெரிதாகி, அடங்கியது. கடைப்பக்கம் ஓடினேன்.

சலூனில் ஒரு கண்ணாடிகூட மிச்சமில்லை. கூட்டாளி நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தான். அக்காவும் ஓட்டுநரும் வேறு வேறு பக்கத்திலிருந்து மூச்சிரைக்க வந்தார்கள். கடைசியாக தாடி, சைக்கிளில்.

"எங்க நின்னீங்க எல்லாரும்?" என்று கேட்டான் கூட்டாளி.

"தண்ணித் தொட்டிகிட்ட," என்றேன்.

"பார்க் வாசல்ல," என்றார் அக்கா.

"நான் டிப்போகிட்ட," என்றார் ஓட்டுநர்.

மூவரும் தாடியைத் திரும்பிப் பார்த்தோம். ஆளுக்கொரு இடம் சொல்லியிருக்கிறார். எந்த முனைக்குப் போலீஸ் வருகிறதோ, அங்கே நிற்பவர்தான் காட்டிக்கொடுத்தவர் என்பது அவர் கணக்கு. மூன்று முனைகளையும் சைக்கிளில் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார்.

"எங்கயும் போலீஸ் வரல தோழர்," என்றார். குரலில் நிம்மதிகூட இருந்தது. "அப்ப நம்மள்ல யாரும் இல்ல."

நாலு பேரில் மூன்று பேரைத்தான் சோதித்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. அக்காவுக்கும் உறைத்திருக்க வேண்டும். தாடியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கூட்டாளி ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டான். அதன் அடியில் துடைப்பம் மட்டும் போய்ப் போய் வந்தது. கண்ணாடித் துண்டுகள் எங்கள் கால் வரை வந்தன. நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக விலகி நின்றோம்.