ஐந்து சொற்களுக்கு டியூஷன்

என் வழிகாட்டி டாக்டர் லாவண்யாவின் ஆய்வுப் பட்டியல் இருபத்திரண்டு பக்கம். அதில் பதினான்காவது கட்டுரைதான் பிரபலம். அல்சைமர் நோய் எட்டிப் பார்க்கும் வயதில் இருப்பவர்களை அவர் ஆண்டுக்கொரு முறை சோதித்துவந்தார். ஐந்து சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும்; அவ்வளவுதான். அடையாறில் ஞாபகம் குறைந்தது. திருவான்மியூரிலும் குறைந்தது. மயிலாப்பூரில் மட்டும் ஆண்டுக்காண்டு கூடியது. காரணம் அங்குள்ள கோயில் குளத்தைச் சுற்றி நடப்பதுதான் என்று எழுதினோம். குளமே இல்லாத நாட்டுக்காரர்கள்கூட அதை மேற்கோள் காட்டினார்கள். என் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் அத்தியாயமும் அதே குளத்தைத்தான் சுற்றிவந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அந்தப் பட்டியல் தரமணியில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு தேசிய விருதுக்குப் போயாக வேண்டும். இந்த ஆண்டில் ஒரே ஒரு மதிப்பெண் பாக்கி: மயிலாப்பூர் பங்கஜம்மாள். மேடம் காலையிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டார். பறக்கும் ரயிலில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை.

கதவைத் திறந்தவர் பங்கஜம்மாளின் கணவர் ராஜரத்தினம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நான் நாற்காலியை இழுப்பதற்குள் பங்கஜம்மாள் ஆரம்பித்தார்.

“குடை, எலுமிச்சை, படகு, சட்டை, மணி.”

நான் இன்னும் பையையே திறக்கவில்லை.

“எப்படி?” என்றார் ராஜரத்தினம்.

பங்கஜம்மாள் அவர் பக்கம் சாய்ந்து, “யாருங்க இந்தப் பையன்? சிலிண்டருக்கு வந்திருக்கானா?” என்றார். நான்கு ஆண்டுகளாக நான் அந்த வீட்டுக்கு வருகிறேன்.

“சார், கேக்கறதுக்கு முன்னாடியே அம்மா எப்படி…”

“கொஸ்டின் பேப்பரை நீங்க மாத்தறதே இல்லையே தம்பி. இந்த நாலு தெருவுக்கும் நான்தான் கோச்சிங். டெஸ்டுக்கு முன்னாடி ஒரு மாசம், தினம் சாயங்காலம். நம்ம பேட்ச்ல இதுவரைக்கும் ஒருத்தர் ஃபெயில் கிடையாது.”

ஆண்டுகளை ஒப்பிட வேண்டும் என்பதற்காகவே நாங்கள் சொற்களை மாற்றாமல் வைத்திருந்தோம். விஞ்ஞானத்தில் அதற்குப் பெயர் ஒழுங்கு.

கண்ணில் பட்டதையும் படாததையும் சேர்த்துப் புதிதாக ஐந்து சொன்னேன்: ஜன்னல், செருப்பு, யானை, கயிறு, தட்டு. ஐந்து நிமிடம் அந்தக் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு கேட்டேன்.

“குடை, எலுமிச்சை, படகு, சட்டை, மணி,” என்றார் பங்கஜம்மாள், பளிச்சென்று.

“அவுட் ஆஃப் சிலபஸ்!” என்று ராஜரத்தினம் எழுந்தேவிட்டார். “அநியாயம் தம்பி இது!”

கத்திய வேகத்தில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது.

“போன வாரம் காய் வாங்கப் போனவ மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தா. வீடு எந்தப் பக்கம்னு தெரியல. டாக்டர்கிட்ட காட்டுங்கப்பான்னு பொண்ணு சொன்னா. தரமணியிலயே ஃபுல் மார்க் போட்டிருக்காங்க, உனக்கென்ன தெரியும்னு நான்தான் அவ வாயை அடைச்சேன்.”

பால்கனிக்குப் போய் மேடத்தை அழைத்தேன்.

“மேடம், மயிலாப்பூர்ல டியூஷன் நடந்திருக்கு.”

“எந்த சப்ஜெக்ட்?”

“நம்ம சப்ஜெக்ட்.”

எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

“ஃபார்ம்ல இருக்கற அஞ்சு வார்த்தையையும் சொல்லிட்டாங்க. ரூல்படி ஃபுல் மார்க் போடலாம், இல்ல?”

“போடலாம் மேடம்.”

“போட்டியா?”

“இல்ல. போடலன்னா என் நாலாவது அத்தியாயம் போச்சு…”

“உனக்கு நாலு. எனக்குப் பதினாலு.” தட்டச்சு மீண்டும் தொடங்கியது. “சைபர் போடு சித்தார்த்தா. பேனாவுல போடு. நாளைக்குக் காலையிலயே அவங்கள நரம்பு டாக்டர்கிட்ட போகச் சொல்லு, நான் பேசிடறேன்.”

“விருது மேடம்? அஞ்சு மணி…”

“கட்டுரைய வாபஸ் வாங்க லெட்டர் எழுதணும். விருதுக்கெல்லாம் டைம் இல்ல.”

உள்ளே ராஜரத்தினம் ஒரு நீளமான வருகைப் பதிவேட்டுடன் நின்றார். வாத்தியார் புத்தி. டியூஷனுக்கு வந்த எல்லோருக்கும், ஐந்து சொல்லும் மனப்பாடமாக எத்தனை தடவை சொல்லித்தர வேண்டியிருந்தது என்று தேதி போட்டுக் குறித்திருந்தார். பங்கஜம்மாளின் வரிசையில் முதல் ஆண்டு மூன்று. பிறகு ஏழு. பிறகு பத்தொன்பது. இந்த ஆண்டு நாற்பத்தொன்று.

எங்கள் மதிப்பெண்களில் இல்லாத உண்மையான மயிலாப்பூர் அதில் இருந்தது.

“இது ஏதாவது உதவுமா தம்பி?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

உதவும் என்றேன்; நாளைக் காலை நரம்பு டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு, படிவத்தில் சைபர் போட்டேன். பங்கஜம்மாள் எட்டிப் பார்த்தார்.

“பாஸா?”

ராஜரத்தினம் முந்திக்கொண்டார். “இன்னொரு பேப்பர் இருக்கு பங்கஜம். நாளைக்கு. நானும் கூட வரேன்.”