நிஸாவின் குறைப்பலகை

அரசாங்கம் சமாதானம் என்றும், வெளிநாட்டார் போர்நிறுத்தம் என்றும், ஊர்ச்சனம் ‘பாப்பம்’ என்றும் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டு அது. திருகோணமலையில், மூதூருக்கு ஆளேற்றும் லாஞ்சிப் படகு புறப்படும் துறைக்கு எதிரே நஜ்முன் நிஸா ஒரு வீடியோ கேம் கடை நடத்தினாள். கட்டாரிலிருந்து கணவர் அனுப்பிய கேம் பெட்டிகள், பழைய டீவிகள், ஒன்றோடொன்று சேராத கதிரைகள்: இவ்வளவுதான் கடை. லாஞ்சி எப்போது வெளிக்கிடும் என்பது காவலரணுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்திருந்தபடியால் ஆட்களுக்குக் குறைவில்லை.

சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. எந்த விளையாட்டில் என்ன குறை என்று விளையாடினவர்கள் அதில் வெண்கட்டியால் எழுதலாம். பாராட்டு எழுதத் தடை. “பிடிச்சிருந்தா நாளைக்கும் வருவீங்கதானே, அது போதும்” என்பது நிஸாவின் சட்டம்.

இப்படிக் குறை மட்டும் எழுதினால் கடை படுத்துவிடும் என்று பலரும் புத்தி சொன்னார்கள். நடந்தது வேறு. ‘கிரிக்கெட்டில் நடுவருக்குக் கண் தெரியாது’ என்று யாரோ எழுதினதைப் படித்துவிட்டு, அந்த நடுவரைப் பார்க்கவென்றே கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரின் கிளாக்கர் குணரத்தினம் மத்தியானங்களில் வரத் தொடங்கினார். ‘கார் ஓட்டம் சின்னப்பிள்ளை வேலை’ என்ற வசையை நம்பித் தாய்மார் சின்னப்பிள்ளைகளோடு வந்தார்கள். ஒருவர் ஒதுக்கிய மீன்தலை இன்னொருவருக்குச் சொதி.

கடை அறையின் சொந்தக்காரர் கனகசுந்தரம். மேல்மாடியில் கணினிக் கல்லூரி வைத்திருந்தார். பெயர்ப்பலகையில் அவருடைய பெயருக்கு முன்னாலும் பட்டங்கள், பின்னாலும் பட்டங்கள். நடுவில் பெயர், கிண்ணியா பஸ்ஸில் நெரிபடுகிறவர் மாதிரித் தெரியும். அவருடைய மாணவர்கள் ‘திரிகோண மாலுமி’ என்றொரு கணினி விளையாட்டைச் செய்தார்கள். துறைமுகத்திலிருந்து கப்பலை வெளியே ஓட்டி முத்து எடுக்கவேண்டும். வெளியீட்டு விழாவில் விளக்கேற்றி, உரைகள் ஆற்றி, பொன்னாடைகள் போர்த்தி முடிய நேரம் போய்விட்டதால் விளையாட்டை மட்டும் காட்டவில்லை. அதைக் காட்டவென்று கனகசுந்தரம் ஒரு கணினியை நிஸாவின் கடையில் இறக்கிவைத்தார்.

அடுத்த கிழமை, பாராட்டுகளை வாசிக்கவென்று கீழே வந்தார். பலகையில் இருந்தவை இவை: ‘கப்பல் மலைக்குள்ளால போகுது, வெளியில வாறதில்லை.’ ‘மூன்றாங் கட்டத்தில முத்து எடுத்தாலும் கணக்கில விழாது.’ ‘முதலில வாற வாழ்த்துரையை நிப்பாட்ட ஏலாது. அது முடிய என்ர லாஞ்சி போயிட்டு.’ ‘பாதியில நிண்டுட்டு.’

“என்ன பிள்ளை இது?” என்றார். “ஊர்ப் பிள்ளைகள் செய்த முயற்சி. ஊக்கம் குடுக்கிறதை விட்டுட்டுச் சேறு பூசுறியளோ?”

“ஊக்கம்தான் சேர் குடுத்திருக்காங்க. மூணாங் கட்டம் வரைக்கும் மினக்கெட்டுப் போகாம அந்தக் குறை தெரியுமா? நல்லாயிருக்கெண்டு வாயால சொன்னவங்க எழும்பிப் போனாங்க, திரும்ப வரல்ல.”

“பாதியில நிண்டதெண்டு ஒருத்தன் எழுதியிருக்கிறான். அண்டைக்கு ஊரெல்லாம் கரண்ட் இல்லை. அதுக்கும் என்ர விளையாட்டோ பொறுப்பு?”

நிஸா திரும்பி, மீனுக்கு ஐஸ் போடும் வாடியில் வேலைசெய்யும் லாபிரைப் பார்த்தாள். அவன் கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கரண்ட் போனாலும் நான் தோத்தது தோத்ததுதானே ராத்தா.”

“அத கரண்ட் கந்தோருக்குப் போய் எழுது” என்று சொல்லி, அந்த வரியைத் துணியால் துடைத்தாள். “அது அநியாயம்தான் சேர். அழிச்சிட்டன். மத்தது நிக்கும்.”

“நிக்காது. வெள்ளிக்கிழமைக்கிடையில பலகை துப்புரவா இருக்கவேணும். இல்லாட்டி அறையை விடுங்கோ.”

கிரிக்கெட் சத்தமும் நின்றது. லாஞ்சித் துறையைப் பார்த்தபடி வேறு அறை கிடையாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். துறையை விட்டால் ஆளில்லை, ஆளில்லாவிட்டால் கடையில்லை.

நிஸா துணியை மடித்து வைத்தாள். “பொய் எழுதியிருந்தா முழுப்பலகையும் நானே கழுவுறன் சேர். நீங்களே ஒருக்கா விளையாடிப் பாருங்க.”

“நான் ஏன் விளையாட? இதை உருவாக்கினதே நான்.”

“விளையாடியிருக்கீங்களா?”

“மேற்பார்வை செய்தனான்” என்றார் கனகசுந்தரம்.

லாபிர் எழும்பித் தன் கதிரையைக் கணினிக்கு முன்னால் இழுத்துப் போட்டான். அத்தனை பேர் பார்த்திருக்க, அந்தக் கதிரையில் இருக்காமல் விட ஏலாது. இருந்தார்.

திரையில் கோட்டுப் போட்ட கனகசுந்தரம் தோன்றி, தொன்மைமிகு திருமலை மண்ணின் பெருமையிலிருந்து தொடங்கினார். கதிரையிலிருந்த கனகசுந்தரம் உதட்டை அசைத்துக் கூடவே சொன்னார். நல்ல இடங்களில் தலையாட்டினார். ஒருவழியாகக் கப்பல் வெளிக்கிட்டது, நேரே போய் மலைக்குள் புகுந்தது, வெளியில் வரவில்லை. மறுபடி தொடக்கம், மறுபடி வாழ்த்துரை. இந்தமுறை அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கப்பல் வேறொரு மலைக்குள் போனது. மூன்றாந்தரம் கோட்டுக்காரர் திரையில் வந்து தொண்டையைச் செருமியபோது, “சரி, சரி, விளங்கிச்சு” என்றார் அவரிடம்.

கோட்டுக்காரர் கேட்கவில்லை. கனகசுந்தரம் கையில் அகப்பட்ட பொத்தான்களை எல்லாம் அமத்தினார்.

“இதை நிப்பாட்ட ஏலாதெண்டு எந்த மடையன் செய்தது?”

“நிப்பாட்ட ஏலாத மாதிரித்தான் செய்யோணுமெண்டு நீங்கதான் சொன்னீங்களாம்” என்றாள் நிஸா. “மேல்மாடியில படிக்கிற பிள்ளைகள் சொன்னாங்க.”

வெண்கட்டியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கினார். கோபத்தில் எழும்பியவர், பலகையில் மிச்சமிருந்த இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்: ‘மேற்படி விளையாட்டின் தொடக்கவுரை பாவனையாளரின் பொறுமையைச் சோதிப்பதாகவும், மலைகள் கப்பலை விழுங்குவதாகவும் அவதானிக்கப்பட்டுள்ளமையால், உரியவர்கள் உடனடியாக ஆவன செய்யவேண்டும்.’ அடியில், பழக்கதோஷத்தில், முன்பட்டம் பின்பட்டம் எல்லாவற்றோடும் கையொப்பம் வைத்தார்.

வைத்தபிறகுதான் கை நின்றது. தன் கையொப்பத்தைத் தானே அழித்த சரித்திரம் அவருக்கு இல்லை. வெண்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டு மாடிக்கு ஏறிப் போனார். அன்று பின்னேரம் மேலே மாணவர்கள் வாழ்த்துரையை வெட்டினார்கள், அவர்கள் சிரித்த சத்தம் கீழே கேட்டது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அறையைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

அவர் எழுதினதை நிஸா அழிக்கவில்லை. எழுதினது உண்மை, உண்மைக்கு அங்கே இடமுண்டு. ஆனால் சனிக்கிழமை காலை கடை திறந்து முதல் ஆள் எழும்பிப் போனபிறகு பார்த்தால், கையொப்பத்துக்குக் கீழே இருந்த விரற்கடை இடத்தில் ஒருவர் நெருக்கி எழுதியிருந்தார்: ‘இந்தக் குறையும் நீளம்.’