நோரீனின் முறை

கிளெனிஸ் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒன்பது வருடமாக ஒட்டிக்கிடந்தது. அதில் மூன்று பெயர்கள் மாறி மாறி எழுதப்பட்டிருந்தன. வருடத்துக்கு ஒருத்தி கார் ஓட்ட வேண்டும். மலை தாண்டி மட்ஜி என்ற ஊருக்குப் போய், இரண்டு நாள் திராட்சைத் தோட்டம் தோட்டமாக இறங்கி, மற்ற இருவரும் ஒயின் ருசி பார்க்கும்போது அவள் மட்டும் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வழியில் போலீஸ் ஊதச் சொல்வான்; வயதைக் காட்டி அவனிடம் தப்ப முடியாது. இந்த வருடம் நோரீனின் முறை.

நோரீன் அன்று அங்கே இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கார் சர்வீஸில் இருப்பதாகச் சொன்னாள். அது பச்சைப் பொய். போன செவ்வாய்க்கிழமைதான் லைசென்ஸை ஒப்படைத்திருந்தாள். பார்வைக்கு நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு மங்கல். அடுத்த வருடத்துக்குள் அது பெரிதாகிவிடும் என்று கண் டாக்டர் மழை வரும் என்பதுபோல் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் ஏப்ரல் கடைசி இலையுதிர்காலம்; திராட்சை இலைகள் சிவக்கும். அதை இன்னொரு தடவை கண்ணாரப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. காரணத்தைச் சொன்னால் பரிதாபப்படுவார்கள். பரிதாபம் அவளுக்கு ஆகாது.

மூவரும் ஒரே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடம் மாரடித்து ஓய்வு பெற்றவர்கள். திட்டம் போடுவது கிளெனிஸ். அதில் குற்றம் சொல்வது பெவ்.

"ஜூலைல போலாம். டவுன் மோட்டல் பாதி விலைக்குக் கெடைக்கும்," என்றாள் கிளெனிஸ்.

"ஜூலைக் குளிர்ல கொடியில ஒரு இலை இருக்காது. மொட்டைக் குச்சியப் பாக்கவா அவ்வளவு தூரம் போறோம்?" என்றாள் நோரீன். "ஏப்ரல் கடைசில போலாம். மேட்டு மேல ஒரு வீடு இருக்கே, வராண்டாவுல நின்னா சரிவு பூரா தெரியுமே, அதை வாடகைக்கு எடுக்கலாம்."

"நாம குடிக்கப் போறோமா, இலையை எண்ணப் போறோமா?" என்றாள் பெவ்.

"இன்னொண்ணு. இந்த வருஷம் என் முறைய யாராச்சும் எடுத்துக்குங்க."

பெவ் கைதட்டினாள். "அப்படிச் சொல்லு! குடிகாரிக்கு இலை ஒரு சாக்கு. போன வருஷம் கடைசித் தோட்டத்துல ருசி பாத்த ஒயினத் துப்புற வாளியக் கட்டிப்பிடிச்சிட்டு நின்னது யாரு?"

"கால் வழுக்குச்சு."

"ஆமாமா. தரை மேல பழியப் போடு."

குடிகாரி என்ற பட்டம் நோரீனுக்கு வலிக்கவில்லை. 'பாவம், கண் தெரியாதவள்' என்ற பட்டத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கிளெனிஸ் விடுகிறவள் இல்லை. எழுந்து போய்க் காகிதத்தைப் பிய்த்து வந்து மேஜையில் வைத்தாள்.

"ஒம்பது வருஷத்துல யாரும் முறை தவறுனதில்ல. கார ஓட்டு. இல்லைன்னா காரணத்தச் சொல்லு. ரெண்டும் இல்லைன்னா ஜூலைதான்."

ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய் தேடி நோரீனுக்கு அலுத்துவிட்டது.

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. லைசென்ஸக் குடுத்துட்டேன். அடுத்த வருஷம் எவ்வளவு தெரியும்னு சொல்ல முடியாது. அந்தச் சிவப்ப ஒருவாட்டி பாத்துடணும்."

கிளெனிஸ் உடனே ஏப்ரல் கடைசி வாரத்தையும் மேட்டு வீட்டையும் குறித்துக்கொண்டாள். பிறகு மேஜையிலிருந்த தட்டை நோரீனின் கைக்கு அருகே நகர்த்தி, "இது சீஸ். இது பிஸ்கட்டு. பாத்து எடுத்துக்கோம்மா," என்று உரக்கச் சொன்னாள். போன பயணத்தில் வாங்கிய கடைசி பாட்டிலைத் திறந்து, மற்றக் கோப்பைகளை நிரப்பி, நோரீனின் கோப்பையில் மட்டும் இரண்டு விரல் உயரம் ஊற்றினாள்.

பிஸ்கட்டும் சீஸும் நோரீனுக்கு நன்றாகவே தெரிந்தன. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் இனி இந்த மேஜையில் தன்னை யாரும் கேலி செய்யமாட்டார்கள் என்று நினைத்தபோது, டாக்டர் சொன்ன அன்று வராத அழுகை வந்தது.

பெவ் காகிதத்தை இழுத்து, நோரீனின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். கிளெனிஸின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி, நோரீனின் கோப்பையை வழிய வழிய நிரப்பினாள்.

"அவளுக்குக் கண்ணுதான்டி போகுது," என்றாள், "தொண்டையா போச்சு?"