ஒன்பதாவது நாற்காலி

அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்காக வருகைப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது குழு எழுத்தரின் விரல் ஒரு கையெழுத்தில் நின்றது. எல்லாரும் பல் டாக்டர் என்று கூப்பிடும் உறுப்பினர் மேலவைக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். சரியாகத்தான் போட்டிருந்தார். பேரவையிலிருந்து அவர் மேலவைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. போக்குவரத்துக் கூட்டுக்குழுவுக்கும் இப்போது மேலவை சார்பில்தான் வந்திருக்கிறார். ஆனால் நேற்று ஓட்டெடுப்பின்போது மனிதர் உட்கார்ந்திருந்தது தன் பழைய இடத்தில், ஜன்னலோரம், பேரவைப் பக்கத்து ஒன்பதாவது நாற்காலியில். பத்து வருடம் உட்கார்ந்த இடம், கால் தானாகப் போயிருக்கும். எழுத்தரும் பழக்கதோஷத்தில் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்து எண்ணிவிட்டாள்.

கூட்டுக்குழு என்றால் எல்லாத் தலையையும் ஒரே கூடையில் போட்டு எண்ணுவதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் மேலவை, இந்தப் பக்கம் பேரவை. மின்விசிறியின் வேகத்துக்காகக்கூட இரண்டு பக்கமும் மல்லுக்கு நிற்பார்கள். இரண்டு பக்கமும் இவளிடம் பேனா வாங்குவார்கள், இரண்டு பக்கமும் திருப்பித் தர மாட்டார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டே பதினாலு வருடமாக அவர்கள்மேல் பிரியமாக இருந்தாள். ஒரு மசோதா தேற வேண்டுமானால் இரண்டு பக்கத்திலும் தனித்தனியாகப் பெரும்பான்மை வேண்டும். மேலவையில் கவலையில்லை. பேரவைப் பக்கம் ஐந்துக்கு நாலு என்று எழுதியிருந்தாள். பல் டாக்டரின் கையைக் கழித்தால் நாலுக்கு நாலு. சமம் என்றால் தோல்வி. பேரவையின் உண்மையான ஒன்பதாவது ஆள் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். நாற்காலி நிறைந்திருந்ததால் குழுத் தலைவர் அம்மா உட்பட ஒருவருக்கும் உறைக்கவில்லை.

போயும் போயும் இந்த மசோதாவிலா இப்படி ஆக வேண்டும்! பேருந்துகளின் கடைசி நிறுத்தம் ஒவ்வொன்றிலும் ஊழியர்களுக்குக் கழிப்பறை கட்டச் சொல்லும் மசோதா. அவள் கணவர் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். காலையில் வண்டி எடுத்தால் மதியம்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. இரண்டு முறை சிறுநீரகக் கல். இரண்டாம் முறை வலியில் சுருண்டு கிடந்தவர், "வேகத்தடையில வண்டிய விட்டா உருண்டு வெளிய வந்துடும்" என்று அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும்தான் வந்தன.

மதிய இடைவேளையில் அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சா எங்க போறது? உங்க ஆளுங்க முதல்ல கட்டிக் குடுக்கட்டும், அண்டா அண்டாவா குடிக்கிறேன்."

விஷயத்தைச் சொன்னாள். நாளையோடு கூட்டத்தொடர் முடிகிறது, இன்று விட்டால் மசோதா செத்தது என்பதையும் சொன்னாள்.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"எனக்கு மட்டுந்தான்."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்குற? சண்டை போடும்போதே உன் தப்பையும் சேத்து எண்ணிச் சொல்ற ஆளு நீ. உன்னால மறைக்க முடியுமா? இத்தனை வருஷம் அடக்கிட்டேன், இன்னும் கொஞ்ச நாள் அடக்க மாட்டேனா? போய்ச் சொல்லிடு. நான் வண்டி எடுக்கணும்."

அவள் நேராகப் போய் அழுதது அலுவலகக் கழிப்பறையில். பளிங்குத் தரை, நாலு குழாய், நாலிலும் தண்ணீர். முகம் கழுவக்கூட வெட்கமாக இருந்தது.

தலைவர் அம்மா அறிக்கையில் கையெழுத்திடத் தயாராக இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, பேனா மூடியைத் திறந்துட்டேனே!"

"மூடிடுங்க மேடம்."

"உன் வீட்டுக்காரர் டிரைவர்தானே?"

"ஆமா மேடம்."

தலைவர் அம்மா பேனாவை மூடிவைத்தார். "மூணு மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லு. மறுபடி எடுத்துடுவோம்" என்றார். எழுத்தர் வாசலைத் தாண்டும்போது, "சாப்பிட்டியா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மூன்று மணிக்குப் பல் டாக்டர் முதுகுக்கு வைக்கும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனார். "என்ன டாக்டர், உங்களையே வேரோட பிடுங்கிட்டாங்களே!" என்று யாரோ சொல்ல, இரண்டு பக்கமும் அதிசயமாக ஒரே சமயத்தில் சிரித்தது. அவர் அசடு வழிந்தார்.

சிரிக்காதவர் கணக்கு வாத்தியார் மட்டும்தான். பேரவைக்கு வருமுன் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எத்தனை கழிப்பறை, யார் பராமரிப்பது என்று மசோதாவில் தெளிவில்லை என்று நேற்று எதிர்த்து ஓட்டுப் போட்டவர்.

"தப்பைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார்.

தலைவர் அம்மா எழுத்தர் பக்கம் கையைக் காட்டினார்.

"யாரும் கேக்காமலேயே சொன்னியாம்மா?"

"ஆமா சார்."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

மேலவைப் பக்கம் ஐந்துக்கு இரண்டு. தேறியது. "பேரவை உறுப்பினர்கள், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் தலைவர் அம்மா. எழுத்தர் எழுந்து நின்று எண்ணினாள். இந்த முறை ஒவ்வொரு முகமாக, கண்ணைப் பார்த்து. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

அப்போது கணக்கு வாத்தியாரின் வலது கை மேஜையிலிருந்து கிளம்பியது. மெல்ல மேலேறி, காதுவரை வந்து நின்றது. கண்ணாடியைச் சரிசெய்யப் போன கையாக இருக்கலாம். காதைச் சொறியப் போனதாகவும் இருக்கலாம். எழுத்தரின் பேனா தானாக ஐந்து என்று எழுதத் துடித்தது. அந்த நேரம் நகரத்தின் ஏதோ ஒரு கோடியில் அவள் கணவர் தாகத்தோடு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சார்," என்றாள், "உங்க கை..."

பதினைந்து தலைகள் அந்தக் கையின் பக்கம் திரும்பின. மின்விசிறிக் காற்றில் சட்டைக் கை மட்டும் படபடத்தது. கை மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. வாத்தியார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.